தொலைந்த புள்ளிகள்: தாமே பதிப்பிக்கும் எழுத்தாளரும் ஓர் இணையத்தள மேம்பாடும்



'இணையமும் எழுத்தாளரும்' என்பது எங்களுக்கு வழங்கப்பட்ட தலைப்பு. அது மிக அகன்றது. அதனைச் சுருக்கி, எங்களுக்கு நேர்ந்த ஒன்றைப் பற்றி மட்டும் பேச இசைவு பெற்றோம். இவ்வுரையில் 'நாங்கள்' என்று வருவது அவையடக்கத்திற்காக அன்று. தம் நூல்களைத் தாமே பதிப்பித்துக்கொள்ளும் சிங்கப்பூர் எழுத்தாளர் எண்மர் கூடி எழுதிய உரை இது. வாசிப்பவர் மட்டுமே ஒருவர். எண்மருள் ஐவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர்கள். ஒருவர் தாதி, ஒருவர் டாக்சி ஓட்டுநர், ஒருவர் பலதுறைத் தொழிற்கல்லூரியில் கற்பிப்பவர். ஒன்பதாமவர் ஒருவரும் எங்களோடு இருந்தார். அவர் இப்போது இல்லை. அவரைப் பற்றி உரையின் பிற்பகுதியில் சொல்வோம்.

தம் நூலைத் தாமே பதிப்பித்தல் என்றதும், பதிப்பகங்கள் ஏற்காத நூல்களுக்குக் கிடைக்கும் கடைசிப் புகலிடம் என்று எண்ணுவோர் உண்டு. தமிழ் அச்சுலக வரலாறு அவ்வெண்ணத்திற்கு இடந்தரவில்லை. உ. வே. சாமிநாதையர் 1887ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, நூலை வாங்குவதாக முன்கூட்டியே ஒப்புக்கொண்ட அன்பர்களிடம் கையொப்பம் திரட்டியே அச்சுச் செலவை எதிர்கொண்டார். அதே 1887இல்தான் யாழ்ப்பாணத்துச் சதாசிவ பண்டிதரின் சிங்கைநகர் அந்தாதி வெளிவந்தது. 'சிங்கை நேசன்' வார இதழும் அவ்வாண்டே தொடங்கிற்று. எழுதியவரே அச்சகம் தேடுவதும், பணம் திரட்டுவதும், படிகளைச் சுமந்து சென்று விற்பதும் நம் மரபில் புதியன அல்ல. பெரும் பதிப்பகம் என்னும் வசதி வாய்க்காத இத்தீவில், தமிழ் நூல்களுட் பலவும் இவ்வழியிலேயே வந்தன, வருகின்றன.

அவ்வழியின் துன்பத்தையும் சொல்லவேண்டும். சென்னையில் அச்சிட்டுக் கப்பலில் வரவழைத்த 500 படிகளை வீவக அடுக்குமாடி வீட்டில் எங்கே வைப்பது? கட்டிலுக்கடியில் வைப்போம். வெளியீட்டு விழாவன்று நூறு படிகள் போகும். பிறகு நூலகம் சில படிகளை வாங்கும். எஞ்சியவை கட்டிலுக்கடியிலேயே மஞ்சள் நிறம் கொள்ளும். எங்களுள் ஒருவர் வீடு மாறியபோது, வீட்டுப் பொருள்களைவிடத் தம் நூல்களின் பெட்டிகளே மிகுதி என்று சுமை தூக்க வந்தவர்கள் சொன்னதை இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்.

ஆகவே, தேவைப்படும்போது தேவைப்படும் படிகளை மட்டும் அச்சிட்டுத் தரும் இணையச் சேவைகள் வந்தபோது நாங்கள் மகிழ்ந்தோம். 2016ஆம் ஆண்டு இறுதியில் அமேசானின் கிண்டிலில் தமிழ் மின்னூல்களுக்கு இடம் கிடைத்ததும், தயங்கியிருந்த பலர் துணிந்தனர். நாங்கள் சேர்ந்தது வேறொரு சேவையில். அதன் பெயரைச் சொல்லப்போவதில்லை. பெயரைச் சொன்னால் இவ்வுரை வழக்குரையாகிவிடும். எங்கள் நோக்கம் அதுவன்று. மின்னூலும் விற்றார்கள், ஒரு படி கேட்டாலும் அச்சிட்டு அனுப்பினார்கள். எங்கள் கட்டில்களுக்கடியில் காற்றோட்டம் வந்தது.

ஒவ்வொரு நூலுக்கும் அத்தளத்தில் ஒரு பக்கம் இருந்தது. அட்டைப்படம், நூல் அறிமுகம், ஆசிரியர் குறிப்பு, அனைத்துலகத் தர நூல் எண், வாசகர் கருத்துகள், வாங்குவதற்கான பொத்தான் ஆகியன அதில் அடங்கும். கடை என்று எண்ணியே நாங்கள் அப்பக்கத்தைத் திறந்தோம். நாளடைவில் அதுவே நூற்பட்டியலாயிற்று, ஆவணக் காப்பகமுமாயிற்று. எழுத்துப்பிழையொன்று கண்டால் அங்கேயே திருத்தினோம். புதிய பதிப்பின் கோப்பை அங்கேயே ஏற்றினோம். உயர்நிலைப் பள்ளி ஆசிரியர் சிலர், துணைவாசிப்புக்கு எங்கள் கதைகளைத் தேர்ந்து, பயிற்சித்தாளின் ஓரத்தில் அப்பக்கத்திற்கு இட்டுச்செல்லும் கியூஆர் குறியீட்டை அச்சிட்டனர். அப்பயிற்சித்தாளைக் கண்டபோது எங்களுக்கு ஏற்பட்ட பெருமிதத்தை மறைக்கவேண்டியதில்லை.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை மின்னஞ்சல் வந்தது. வார இறுதியில் தளம் மூடப்படும் என்றும், திங்கட்கிழமை காலை எங்களுக்குப் 'புதிய அனுபவம்' காத்திருக்கிறது என்றும் அதில் இருந்தது. அனுபவம் காத்திருந்தது உண்மையே.

முதலில் தெரிந்தது முகவரிகளின் மாற்றம். பழைய முகவரியைத் தட்டினால் நூலின் பக்கம் வரவில்லை. தளத்தின் ஆங்கில முகப்பு வந்தது. பயிற்சித்தாளிலிருந்த குறியீட்டைக் கைப்பேசியால் வருடிய மாணவர்கள், தமிழ்க் கதைக்கு மாறாக, நூல் வெளியிட விரும்புவோருக்கான விளம்பரத்தைக் கண்டனர். உரிமத்தொகைக் கணக்குகள் பூச்சியத்திலிருந்து தொடங்கின. அது பின்னர்ச் சரிசெய்யப்பட்டது, தொகையும் சிறியது, ஆகவே அதை விட்டுவிடுவோம். வாசகர் கருத்துகள் மறைந்தன. பாராட்டுகளோடு கண்டனங்களும் மறைந்தமையால் எங்களுள் இருவர் அதற்காகப் பெரிதும் வருந்தவில்லை.

எழுத்துகளுக்கு நேர்ந்ததுதான் தமிழ் கற்பிப்போரும் கற்போரும் சற்று நின்று நோக்கவேண்டியது.

புதிய தளம், நூலின் தலைப்பைக் கொண்டே பக்கத்தின் முகவரியை அமைத்தது. நல்ல எண்ணமே. ஆயினும், தலைப்பில் 'சிங்கப்பூர்' என்னும் சொல் வந்த நூலின் முகவரியில் 'சஙகபபர' என்று இருந்தது. 'கல்வி' என்பது 'கலவ' ஆயிற்று. 'தமிழ்' என்பது 'தமழ' ஆயிற்று. முகவரியோடு நிற்கவில்லை, தேடுபொறிக்காகத் தளம் தயாரித்த தலைப்புப் பட்டியலிலும் இதே நிலை. புள்ளிகளும், கொம்புகளும், சுழிகளும், கால்களும் உதிர்ந்து, அகரமேறிய மெய்கள் மட்டும் வரிசையில் நின்றன.

காரணத்தைத் தொழிற்கல்லூரி நண்பர் விளக்கினார். முகவரியில் காற்புள்ளி, கேள்விக்குறி போன்றவை வரலாகாது என்பதற்காக, எழுத்தும் எண்ணும் அல்லாத யாவற்றையும் நீக்கும் கட்டளையொன்றை நிரலில் எழுதுவது வழக்கம். யூனிகோட் முறையில் 'க' ஓர் எழுத்து. ஆனால் அதன்மேல் ஏறும் புள்ளியும், அதனோடு சேரும் இகரக் கொம்பும் எழுத்து என்னும் வகையைச் சேர்ந்தவை அல்ல. எழுத்தைச் சார்ந்து வரும் குறி என்னும் தனிவகையில் வைக்கப்பட்டுள்ளன. அவ்வகையை நிரலாளர் நினைவிற்கொள்ளாவிடின், கட்டளை அவற்றையும் களைந்துவிடும். ஆங்கிலத் தலைப்பை வைத்துச் சோதித்தவருக்கு இது தெரியவே தெரியாது. அங்கே களைவதற்கு ஒன்றுமில்லை. மெய்யெழுத்துப் புள்ளி பெற்று நிற்கும் என்று தொல்காப்பியத்து நூன்மரபு வகுத்திருக்கிறது. நமக்கு அப்புள்ளி எழுத்தின் இயல்பு. அக்கட்டளைக்கோ அது தூசு.

தேடலிலும் ஒரு சிக்கல் எழுந்தது. பொங்கலைப் பற்றிய சிறுவர் கதைநூல் ஒன்று எங்களிடம் உண்டு. 'பொங்கல்' என்று தேடினால் அது வரவில்லை. 'பொ' என்னும் எழுத்தைக் கணினியில் இருவகையாகச் சேமிக்கலாம். பகரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியாகச் சேர்க்கலாம்; அல்லது எகரக் கொம்பையும் காலையும் தனித்தனியே சேர்க்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. யூனிகோட் விதியும் இரண்டையும் சமமெனக் கொள்ளச் சொல்கிறது. ஆனால் ஒப்பிடுவதற்குமுன் இரண்டையும் ஒரே வடிவத்திற்குக் கொண்டுவரும் பணியை நிரல் செய்தாக வேண்டும். பழைய தளம் செய்தது, புதியது செய்யவில்லை. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றப்பட்ட எங்கள் கோப்புகளில் இரண்டாம் வகையே மிகுதி. ஆகவே, நூல் அங்கேயே இருந்தும் தேடியவருக்கு அகப்படவில்லை.

அகரவரிசையும் குலைந்தது. 'பவளம்', 'பழம்', 'பள்ளி' என்னும் மூன்று சொற்களை வரிசைப்படுத்தச் சொன்னால், வகரம், ழகரம், ளகரம் என்னும் முறையில் இப்படியே நிறுத்துவீர்கள். யூனிகோட் அட்டவணையிலோ ளகரம், ழகரம், வகரம் என்று தலைகீழாக இருக்கிறது. அட்டவணை எண்ணையே வரிசையாகக் கொள்ளும் தளத்தில் 'பள்ளி' முதலிலும் 'பவளம்' கடைசியிலும் வரும். அட்டவணையைக் குறைகூற வேண்டியதில்லை. வரிசைப்படுத்துவதற்குத் தனி விதிகள் உள்ளன. அவற்றைப் பயன்படுத்துமாறு யாரேனும் சொல்லியிருக்க வேண்டும்.

இவையெல்லாம் திருத்தக்கூடிய பிழைகள். திருத்தவியலாததும் ஒன்று நேர்ந்தது. ஆசிரியர் பெயரும் கணக்கு உரிமையாளர் பெயரும் இருந்த இடங்களில், சிலருக்குக் கேள்விக்குறிகள் மட்டும் தோன்றின. 'முருகன்' என்னும் நான்கெழுத்துப் பெயர் இருந்திருந்தால் அங்கே ஏழு கேள்விக்குறிகள் நிற்கும். மு, ரு, ன் ஆகிய மூன்றும் இவ்விரண்டு குறிகளால் ஆனவை அல்லவா? இங்கே மாணவர்கள் ஒரு வேறுபாட்டை உணரவேண்டும். தமிழ் எழுத்துகள் புரியாத குறிகளாகத் தோன்றினால் அஞ்சவேண்டியதில்லை. தரவு உள்ளே அப்படியே இருக்கிறது. தவறான கண்ணாடியை அணிந்து படிக்கிறோம், அவ்வளவே. கண்ணாடியை மாற்றினால் தமிழ் தெரியும். ஆனால், தமிழுக்கு இடமில்லாத ஒரு பெட்டிக்குள் தரவைக் கொட்டி, இடமில்லாத ஒவ்வொரு குறிக்கும் பதிலாகக் கேள்விக்குறியை எழுதிவிட்டால், கடிதமே அழிக்கப்பட்டதாகும். எந்தக் கண்ணாடியும் உதவாது. பழைய காப்புப்படி ஒன்றே வழி. காப்புப்படியைக் கேட்டோம். குறித்த காலத்திற்குமேல் அதை வைத்திருப்பதில்லை என்று விடை வந்தது.

விடை வந்தது என்று எளிதாகச் சொல்லிவிட்டோம். அதற்கு முன்னர் வந்த விடைகள் பல. உலாவியின் தற்காலிகச் சேமிப்பை அழித்துவிட்டுப் பாருங்கள் என்பது முதல் விடை. அழித்தோம். வேறு உலாவியில் பாருங்கள் என்பது இரண்டாவது. பார்த்தோம். எங்கள் பக்கத்தில் உங்கள் மொழி சரியாகவே தெரிகிறது என்பது மூன்றாவது. அதனோடு ஒரு திரைப்படமும் இணைத்திருந்தார்கள். அத்திரைப்படத்தில் 'தமழ' என்று தெளிவாக, அழகான எழுத்துருவில் இருந்தது.

அந்த மூன்றாவது விடையே எங்களைச் சினத்திலிருந்து சிந்தனைக்குத் திருப்பிற்று. எழுதியவர் பொய் சொல்லவில்லை. வட்டமும் வளைவுமாய் ஏதோ தெரிகிறது, அது தமிழ், ஆகவே சரி. தமிழ் படிக்கத் தெரியாத ஒருவருக்குத் 'தமிழ்' என்பதும் 'தமழ' என்பதும் ஒன்றே. சீன மொழியில் ஒரு கோடு குறைந்தால் நம்மில் எத்தனைபேர் கண்டுபிடிப்போம்? அத்தளத்தை அமைத்த குழுவில் தமிழறிந்தவர் ஒருவர் இருந்திருந்தால், அவர் பெரிய கணினி வல்லுநராக இருந்திருக்கவும் வேண்டியதில்லை, முதற்பார்வையிலேயே பிழையைச் சுட்டியிருப்பார். தொடக்கப்பள்ளி மாணவர் ஒருவரே போதும்.

அதன்பின் நாங்கள் முறையீட்டின் வடிவத்தை மாற்றினோம். துயரத்தையும் சினத்தையும் விட்டு, இரண்டு பத்திகள் கொண்ட அட்டவணை தயாரித்தோம். இடப்பக்கத்தில் இருந்தது இது, வலப்பக்கத்தில் இருப்பது இது. காணாமற்போன குறிகள் சிவப்பு வட்டத்தில். படிப்பவர் தமிழ் அறிந்திருக்கத் தேவையில்லை. இரு படங்களையும் ஒப்பிட்டால் போதும். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஐவரும் பல்லாண்டுகளாகக் கட்டுரைகளைத் திருத்திய கைகளால் அவ்வட்டவணையை உருவாக்கினர். ஆறு வாரங்களில் முகவரிகளும் தேடலும் சீராயின. அகரவரிசை இன்னும் சீராகவில்லை.

எங்கள் பங்குக்கு நாங்கள் செய்த தவற்றையும் சொல்லாவிட்டால் இவ்வுரை நேர்மையற்றதாகும். பழைய தளம் கைப்பேசியில் ஒழுங்காகத் தெரியாது. அதனை மாற்றவேண்டும் என்று கேட்டவர்களுள் நாங்களும் இருந்தோம். சேர்ந்தபோது காட்டிய நெடிய ஒப்பந்தத்தை எண்மரும் படிக்காமலே ஏற்றோம். திருத்திய கோப்பைத் தளத்தில் ஏற்றியபின், நம்மிடமிருந்த கோப்பிலும் அதே திருத்தத்தைச் செய்யவேண்டும் என்னும் எளிய ஒழுக்கத்தைக் கடைப்பிடித்தவர்கள் இருவரே. ஒருவர் தாதி, மற்றவர் டாக்சி ஓட்டுநர். இருவருமே நாள்தோறும் பதிவேடு எழுதிப் பழகிய தொழிலினர். ஆசிரியர்களாகிய நாங்கள் ஐவரும் அதில் தோற்றோம்.

இவ்வாறு நேர்ந்தது எங்களுக்கு மட்டுமன்று. பிரிட்டனில் டிஎஸ்பி வங்கி 2018ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்து வார இறுதியொன்றில் தன் வாடிக்கையாளர் கணக்குகளைப் புதிய கணினி அமைப்புக்கு மாற்றிற்று. பலரால் தம் கணக்குக்குள் நுழையவே இயலவில்லை. நிலைமை முற்றிலும் சீராக மாதங்கள் பலவாயின. 2022 டிசம்பரில் அவ்வங்கிக்கு 4 கோடியே 86 லட்சம் பவுண்டுக்குமேல் தண்டம் விதிக்கப்பட்டது. இசைக்கலைஞர்கள் தம் பாடல்களைத் தாமே வெளியிட்டுவந்த மைஸ்பேஸ் தளத்தின் கதை இன்னும் எங்களுக்கு நெருக்கமானது. தரவை வேறு வழங்கிகளுக்கு மாற்றியபோது, ஏறத்தாழ 12 ஆண்டுக்கால இசைப்பதிவுகள் அழிந்தன. அச்செய்தி 2019 மார்ச்சில் பரவலாக வெளிவந்தது. வங்கியில் இழந்தவருக்கு ஒழுங்குமுறை ஆணையம் இருந்தது. பாடலை இழந்தவருக்கு மன்னிப்புக் கேட்ட ஓர் அறிவிப்பே கிடைத்தது. தாமே பதிப்பிக்கும் எழுத்தாளர் இவ்விருவருள் யாரைப் போன்றவர் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

முகவரியை மாற்றாதீர் என்று வையவிரிவலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ் லீ 1998ஆம் ஆண்டிலேயே வலியுறுத்தி எழுதினார். மாற்றித்தான் ஆகவேண்டுமெனில், பழைய முகவரிக்கு வருவோரைப் புதியதற்கு அனுப்பும் ஏற்பாடு இருக்கிறது. வீடு மாறியவர் அஞ்சலகத்தில் சொல்லிவைப்பது போன்றது அது. செய்வதற்குக் கடினமானதும் அன்று.

தமிழுக்குக் கணினியில் இடந்தேடிய வரலாற்றில் இத்தீவுக்கும் அண்டை நாடான மலேசியாவுக்கும் இருக்கும் பங்கை ஆசிரியர்கள் அறிவீர்கள், மாணவர்களுக்காகச் சொல்கிறோம். மலேசியாவின் முத்து நெடுமாறன் 1985இல் முரசு அஞ்சல் பணியைத் தொடங்கினார். இங்கே தேசியக் கல்விக் கழகத்தில் விரிவுரையாளராக இருந்த நா. கோவிந்தசாமி கணியன் எழுத்துருவை உருவாக்கினார். 1995இல் சிங்கப்பூர்க் கவிதைகள் நான்கு மொழிகளிலும் இணையத்தில் ஏற்றப்பட்டபோது தமிழும் உடன் ஏறியதற்கு அவரே காரணம். 1997இல் தமிழ் இணைய மாநாடு இங்கே கூடிற்று. 1999இல் சென்னை மாநாட்டில் விசைப்பலகைக்கும் எழுத்துக் குறியீட்டிற்கும் தரங்கள் வகுக்கப்பட்டன. 2000இல் உத்தமம் அமைப்பு இங்கே தோன்றிற்று. அக்காலத்தில் எழுத்துருவுக்கு எழுத்துரு குறியீடு மாறும். அனுப்பியவரிடம் உள்ள எழுத்துரு நம்மிடம் இல்லையேல் கடிதம் படிக்க வராது. தொல்லை மிகுந்த காலம். ஆயினும், எந்த அறையில் தமிழைப் பற்றி முடிவெடுத்தார்களோ அந்த அறையில் தமிழர் இருந்தனர், சண்டையிட்டுக்கொண்டேனும் இருந்தனர்.

யூனிகோட் நிலைபெற்றபின் அத்தொல்லை தீர்ந்தது என்று நாம் அறையைவிட்டு எழுந்து வந்துவிட்டோமோ என்று எங்களுக்கு ஐயம் உண்டு. குறியீட்டிற்குத் தரம் வந்துவிட்டது. அத்தரத்தை ஒவ்வொரு தளமும் ஒவ்வொரு மேம்பாட்டின்போதும் கடைப்பிடிக்கிறதா என்று பார்க்கும் வேலை முடியாதது. வீட்டைப் பெருக்குவது போல. பழையபடி சென்னை அச்சகத்திற்கே திரும்பிவிடலாம் என்று எங்களுள் ஒருவர் சொல்கிறார். மற்ற எழுவரும் அதை ஏற்கவில்லை. கட்டிலுக்கடியில் இருந்த நூலை வாசகர் தேடவும் முடியாதே!

கணினி பயிலும் மாணவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். நீங்கள் பணியாற்றப்போகும் நிறுவனங்களில் யாரேனும் ஒரு தளத்தைச் சோதிக்கும்போது, 'ஸ்ரீ' என்று தொடங்கும் ஒரு பெயரையும், 'பொங்கல்' என்னும் சொல்லையும், நீண்ட தமிழ்த் தலைப்பொன்றையும் இட்டுப் பாருங்கள். தலைப்பு நீளமாக இருக்கவேண்டும் என்பதற்கும் காரணம் உண்டு. ஆங்கிலத்தில் 'தமிழ்' என்னும் பெயரை எழுத ஐந்து பைட்டுகள் போதும். தமிழில் எழுதினால் 15 வேண்டும். பைட்டுகளை எண்ணி எல்லை வகுத்த தளங்களில் நம் தலைப்புகள் பாதியில் வெட்டுப்படும். ஆசிரியர்களிடம் நாங்கள் வேண்டுவது வேறு. பயிற்சித்தாளில் குறியீட்டை அச்சிடுங்கள். அதனோடு நூலின் பெயர், ஆசிரியர் பெயர், பதிப்பாண்டு, தர நூல் எண் ஆகியவற்றையும் அச்சிடுங்கள். குறியீடு ஒரு முகவரியை மட்டுமே அறியும். தர நூல் எண்ணின் 13 இலக்கங்கள் எந்தத் தளத்தையும் சார்ந்தவை அல்ல.

இனி, ஒன்பதாமவரைப் பற்றி.

அவர் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் கணக்கராகப் பணியாற்றியவர். ஓய்வுபெற்றபின், தாம் கண்ட கப்பல்களையும் சரக்குகளையும் மனிதர்களையும் பற்றி ஒரே ஒரு நூல் எழுதினார். முதற்பதிப்பில் பிழைகள் மலிந்திருந்தன. ஆசிரியர்களாகிய நாங்கள் இரக்கமின்றிச் சுட்டினோம். அவர் வருந்தவில்லை. திருத்திக்கொண்டே இருந்தார். எழுத்துப்பிழையைக் காட்டிலும், முன்பு தவறாக நினைவுகூர்ந்த செய்திகளைத் திருத்துவதிலேயே அவருக்கு அக்கறை. பழைய நண்பர்களைத் தேடிச்சென்று கேட்டு, ஒரு விபத்தைப் பற்றிய இயலை முழுவதும் மாற்றி எழுதினார். அந்த இயலில், முதற்பதிப்பில் ஒரு தொழிலாளியின்மேல் ஏற்றியிருந்த பழி தவறு என்று பின்னர்த் தெரிந்ததே காரணம். மூன்றாம் பதிப்பைத் தளத்தில் ஏற்றினார். அடுத்த ஆண்டு மறைந்தார்.

மேம்பாட்டின்போது, புதிய தளம் ஒவ்வொரு நூலுக்கும் கடைசியாக ஏற்றிய கோப்பை எடுக்காமல் முதலில் ஏற்றிய கோப்பை எடுத்துக்கொண்டது. எங்கள் நூல்களுக்கும் அவ்வாறே நேர்ந்தது. நாங்கள் கணக்கைத் திறந்து மாற்றிவிட்டோம். அவருடைய முதற்பதிப்பு மீண்டும் விற்பனைக்கு வந்தது. அந்தத் தொழிலாளியின்மேல் பழி மீண்டும் ஏறியது. அவருடைய மகள் கணக்கைத் திறக்க முயன்றார். ஒருமுறை மட்டும் பயன்படும் மறைச்சொல், தந்தையின் கைப்பேசி எண்ணுக்குச் சென்றது. அந்த எண் அவர் மறைந்தபின் நிறுத்தப்பட்டுவிட்டது. உதவிப்பிரிவுக்கு எழுதினார். கணக்கின் உரிமையாளரே விண்ணப்பிக்க வேண்டும் என்றார்கள். இறப்புச் சான்றிதழை அனுப்பினார். சான்றிதழிலுள்ள பெயர் கணக்கிலுள்ள பெயரோடு ஒத்துவரவில்லை என்று விடை வந்தது. கணக்கில் பெயர் இருந்த இடத்தில் கேள்விக்குறிகள் இருந்தன.

ஆசிரியர் மறைந்தபின்னும் 70 ஆண்டுகளுக்குப் பதிப்புரிமை நிலைக்கும் என்கிறது சட்டம். அவ்வுரிமை அம்மகளுடையது. ஆனால் கணக்கு அவருடையது அன்று. சொத்துக்கு உரியவர் வாசலில் நிற்கிறார், பூட்டு வேறொருவருடையது. நூலை விற்பனையிலிருந்து நீக்கச் செய்யவே நான்கு மாதங்கள் சென்றன. தந்தையின் பழைய கணினியை மறுபயனீட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். திருத்திய கோப்பு எங்குமில்லை.

நண்பர் கணக்கராக இருந்தவர் என்று சொன்னோம். அவருடைய கோப்புறைகளுள் ஒன்றில், மூன்றாம் பதிப்புக்குப் பெற்ற தர நூல் எண்ணின் தாளும், தேசிய நூலக வாரியத்திடம் இரண்டு படிகளை ஒப்படைத்ததற்கான குறிப்பும் இருந்தன. சிங்கப்பூரில் நூல் வெளியிடுவோர் நான்கு வாரங்களுக்குள் இரண்டு படிகளை ஒப்படைக்க வேண்டும் என்பது சட்டம். தம் நூலைத் தாமே வெளியிடுவோருக்கும் அது பொருந்தும். இரண்டு படி கொடுப்பதா என்று நாங்கள் முணுமுணுத்தது உண்டு. அவர் முணுமுணுக்காமல் ஒப்படைத்திருந்தார்.

விக்டோரியா தெருவிலுள்ள தேசிய நூலகக் கட்டடத்திற்கு மகளோடு சென்றோம். நூல் இருந்தது. விபத்தைப் பற்றிய இயல் திருத்தியபடியே இருந்தது. இப்போது சனிக்கிழமைகளில் மகளும், உயர்நிலை இரண்டில் படிக்கும் பேரனும் அங்கே சென்று தட்டச்சு செய்கிறார்கள். அம்மா படிக்கிறார், மகன் தட்டுகிறான். முதலில் ஒரு பக்கத்துக்கு ஒரு மணிநேரம் ஆனதாம். இப்போது விரைவு கூடியிருக்கிறது. கோப்பின் படியொன்றை ஒவ்வொரு வாரமும் எங்கள் எண்மருக்கும் அனுப்பிவிடுகிறான்.

சென்ற வாரம் அவன் எங்களிடம் ஓர் ஐயம் கேட்டான். சரக்குப் படகைத் தாத்தா 'தொங்கான்' என்று எழுதியிருக்கிறார்; மென்பொருள் அச்சொல்லின்கீழ்ச் சிவப்புக் கோடு போடுகிறது; 'படகு' என்று மாற்றிவிடலாமா என்றான். மாற்றவேண்டாம், தாத்தா எழுதியபடியே இருக்கட்டும் என்றோம். சரி என்று அடுத்த பக்கத்துக்குப் போனான்.